ரசீதில் முளைத்த எண்

போர்ட் லூயிஸில் ஒரு துணிக்கடை. சி மொழியில் எழுதிய பழைய பில்லிங் புரோகிராம். குறிப்பில் பிரெஞ்சில் ‘50% தள்ளுபடி’ என்று தட்டினால் ரசீதில் சம்பந்தமே இல்லாத பெரிய எண் வரும். பழி பிரிண்டர் மேல்.

பிரெஞ்சில் அப்படி எழுதும்போது சதவீதக் குறி, இடைவெளி, அடுத்து ‘டி’ எழுத்து. சி-யில் அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப் அதை ‘முழு எண் அச்சிடு’ என்றே படிக்கும். நடுவிலுள்ள இடைவெளியையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆக, தட்டும் உரையே ஃபார்மட் ஸ்டிரிங்காக, அதாவது எப்படி அச்சிடுவது என்ற கட்டளையாக, போகிறது. குறியோடு ‘பி’ சேர்த்துப் பார்த்தேன். மெமரி முகவரிகள் கொட்டின. ‘என்’ போட்டால் மெமரியில் எழுதவே முடியும். 2000-இல் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற சர்வர்களை உடைத்தது இந்த வகை ஓட்டைதான்.

ஜிசிசி கம்பைலரில் ‘டபிள்யூஃபார்மட்’, ‘டபிள்யூஃபார்மட்-செக்யூரிட்டி’ என்ற எச்சரிக்கை ஆப்ஷன்கள் இரண்டையும் கொடுத்தேன். பின்னது தனியாகப் பலிக்காது. எச்சரிக்கைகள் வந்தன, ஆனால் ரசீது வரி மட்டும் அதில் இல்லை! அச்சு வேலை வேறொரு ஃபங்ஷன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் அறிவிப்பில் ‘இதுவும் பிரின்ட்எஃப் மாதிரிதான்’ என்று சொல்லும் ஃபார்மட் ஆட்ரிபியூட்டைச் சேர்த்த பிறகே கம்பைலர் வாய் திறந்தது.

மாற்றம் சின்னதுதான்: முதலில் ‘உரையை அப்படியே அச்சிடு’ எனும் ‘%எஸ்’, அடுத்து உரை. லாக் எழுதும் சிஸ்லாக் அழைப்புகளிலும் அதே கதை, அதே மருந்து. இனி அந்த எச்சரிக்கை வந்தாலே பில்ட் நின்றுவிடும்படி எரராக மாற்றிவிட்டேன்.