மென்பொருளில் மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர், எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருளானாலும் எக்செல் ஆனாலும், மாதிரி எடுப்பது, அதாவது பட்டியலிலிருந்து ஆய்வுக்குச் சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பது, ஓரிரு கட்டளைகளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் கொடுத்த பட்டியலிலிருந்து மட்டுமே மென்பொருள் எடுக்கும் என்பதால், பட்டியலைச் சரிபார்க்காமல் கட்டளையை இயக்குவதே முதல் தவறு. மாவட்ட அளவிலான உடல்நல ஆய்வுக்கு வாக்காளர் பட்டியலைப் பயன்படுத்தினால், 18 வயது நிரம்பாதவர் ஒருவர்கூட மாதிரியில் வரமாட்டார். ஒரே ஆள் இரு இடங்களில் பதிவாகியிருந்தால் அவருக்கு இரட்டை வாய்ப்புக் கிடைத்துவிடும்.

ஆய்வேடுகளில் அடிக்கடி நேர்வதும், எளிதில் கண்ணில் படாததும், இரண்டு கட்டமாக எடுக்கும்போது ஏற்படும் தவறு. பள்ளிகளைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 20 மாணவர்களை எடுப்பதாகக் கொள்வோம். தேர்வான பள்ளியில் 60 பேர் படித்தால் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. 1,200 பேர் படித்தால் அறுபதில் ஒன்று. சிறிய பள்ளி மாணவருக்கு 20 மடங்கு வாய்ப்பைக் கொடுத்துவிட்டு, இறுதியில் எல்லாருடைய மதிப்பெண்களையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது மாவட்டத்தின் சராசரி ஆகாது. மென்பொருள் இதற்கு எச்சரிக்கை எதுவும் தராது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது வாய்ப்பின் தலைகீழியை (மூன்றில் ஒன்று எனில் 3) எடையாக இட வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் சாதாரண எடைக் கட்டளை அந்த எடையை ஆட்களின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்வதால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது என்பதைக் காட்டும் அளவு) தவறாக வரும். அதன் காம்ப்ளக்ஸ் சாம்பிள்ஸ் பிரிவையோ, ஆர் மொழியின் சர்வே தொகுப்பையோ நாடுவது நல்லது.

எடுத்த மாதிரியை மறுபடி எடுத்துக்காட்ட முடியாமற்போவது இன்னொரு சங்கடம். எக்செல்லின் ரேண்ட் சார்பு, எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் புது எண்களைப் போட்டுவிடும். ஆகவே வரிசைப்படுத்தும் முன் அவற்றை வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட வேண்டும். ஆர் மொழியில் விதை எண்ணை (சமவாய்ப்பு எண்கள் எங்கிருந்து தொடங்கும் என்பதை நிர்ணயிக்கும் எண்) குறித்தால் போதும் என்பது பாதி உண்மைதான்: 2019இல் வெளியான 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் சாம்பிள் சார்பின் இயல்பு முறை மாறியதால், அதே விதை எண் பழைய பதிப்பில் வேறு மாதிரியைத் தரும். பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். மாதிரி மனத்துக்குப் பிடிக்கும்வரை விதை எண்ணை மாற்றி மாற்றி இயக்குவோரும் உண்டு. அது ஆள் பார்த்துப் பொறுக்குவதேயன்றிச் சமவாய்ப்பு அல்ல.

அதே சாம்பிள் சார்பில் ஒரு பொறியும் இருக்கிறது. பட்டியலைப் படுகைகளாக, அதாவது ஒத்த தன்மையுள்ள பிரிவுகளாகப் பிரித்து எடுக்கும்போது ஒரு படுகையில் 47 என்ற குறியீட்டு எண் கொண்ட ஒரே பள்ளிதான் இருந்தால், அந்தச் சார்பு 47ஐயே தருவதற்குப் பதிலாக 1 முதல் 47 வரையுள்ள எண்களில் ஏதோ ஒன்றைத் தரும். பிழைச்செய்தி வராது, வேறு படுகையைச் சேர்ந்த பள்ளி சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கும். குறியீடுகளுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.