கசக்காத எலுமிச்சை ஜூஸ்: நுங்கும் புதினாவும் சேர்த்து

சித்திரை பிறந்ததும் பாளையங்கோட்டைப் பக்கம் சாலையோரங்களில் நுங்குக் குலைகள் குவிய ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழத்தின் விலை ஏறுவதும் அதே நேரத்தில்தான். விலை கொடுத்து வாங்கிய பழத்தைப் பிழிந்து வைத்து, அது மத்தியானத்துக்குள் கசந்து போனால் எரிச்சல் வரத்தானே செய்யும்? எலுமிச்சை ஜூஸ் போட யாருக்குத் தெரியாது என்று கேட்பீர்கள். போடத் தெரியும், கசக்காமல் போடுவதுதான் பாடு. அதிலும் புதினா, துளசி என்று இலையைச் சேர்த்துவிட்டால் கசப்பு பழத்திலிருந்து வருகிறதா, இலையிலிருந்து வருகிறதா என்றே பிடிபடாது. என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த விஷயம் இது. அதனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்.

ஐந்து டம்ளருக்கு அளவு இது: நடுத்தர எலுமிச்சம்பழம் 5, சீனி 150 கிராம், இளநுங்கு 8 சுளை, புதினா இலை ஒரு கைப்பிடி, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, இரண்டு சிட்டிகை கல்லுப்பு, பாகுக்கு 150 மில்லி தண்ணீர், கலக்க 700 மில்லி குளிர்ந்த தண்ணீர். ஐந்து பழத்தில் ஏறக்குறைய 100 மில்லி சாறு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஆறாவது பழத்தை எடுங்கள், ஐந்தாவதை இன்னும் அழுத்திப் பிழியாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அளவு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கையில் இருக்கும் பெரிய, தடித்த தோல் மஞ்சள் பழம் வேறு வகை. நம்முடையது சின்னது, தோல் மெல்லியது. அவர்கள் மூன்று பழம் என்றால் நாமும் மூன்று என்று போட்டால் கணக்கு உதைக்கும். பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்துகொள்ளுங்கள்.

<b>பழம் வாங்குவது</b>

நம் பக்கத்துக்கு எலுமிச்சை என்றால் புளியங்குடிதான். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு புளியங்குடி அந்தப் பக்கம் போய்விட்டது. காகிதத்தில்தான் அது, எங்கள் பேச்சில் இன்னும் நெல்லைச் சீமைதான். கடையில் பழத்தை எடுக்கும்போது பெரிதாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். தோல் வழுவழுப்பாக, லேசாக அழுத்தினால் அமுங்கித் திரும்ப வேண்டும். சொரசொரப்பான தோல் என்றால் உள்ளே தோல்தான் அதிகம், சாறு குறைவு. கரும்பச்சையாக இருப்பதை ஊறுகாய்க்கு விட்டுவிடுங்கள். மஞ்சளோடிய பழம்தான் ஜூஸுக்கு.

<b>பாகு</b>

சீனியை நேராகக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டிக் கலக்குவதை முதலில் விட்டுவிடுங்கள். பாதி கரையாமல் அடியில் தங்கும். கடைசி டம்ளர் யாருக்குப் போகிறதோ அவருக்குப் பாயசம்தான் கிடைக்கும்.

சீனி, தண்ணீர், நசுக்கிய இஞ்சி மூன்றையும் அடுப்பில் வையுங்கள். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். அதற்குப் போய்விட்டால் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றும்போது கட்டியாக அடியில் இறங்கிவிடும். கரைந்தால் போதும்.

கருப்பட்டி போடலாமா என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. உடன்குடிக் கருப்பட்டி என் வீட்டிலும் எப்போதும் இருக்கிறது, சுக்குக் காப்பிக்கு அதை விட்டால் வேறு கிடையாது. ஆனால் எலுமிச்சையோடு சேர்த்தால் கருப்பட்டி வாசம்தான் ஜெயிக்கும், பழத்தின் வாசம் காணாமல் போகும். அப்படித்தான் வேண்டும் என்றால் பேசாமல் பானகம் கரைத்துவிடுங்கள், அது அருமையான பானம். பனங்கற்கண்டு பரவாயில்லை. மெதுவாகத்தான் கரையும், அடியில் கசடு தங்கும், வடிகட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஜூஸுக்கு என் ஓட்டு வெள்ளைச் சீனிக்கே.

<b>இலை</b>

முதல் கசப்பு இங்கிருந்துதான் வருகிறது. புதினாவை மிக்ஸியில் அரைத்துவிடுகிறோம். நிறம் பச்சைப்பசேல் என்று படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அரைபட்ட இலை காற்றுப் பட்டதும் கறுக்க ஆரம்பிக்கும், பச்சை நாற்றமும் கசப்பும் ஏறும். நமக்கு வேண்டியது இலையின் மேலே இருக்கும் வாசனை எண்ணெய் மட்டும். அதற்கு அரைக்கத் தேவையில்லை. காம்பை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, இலையை உள்ளங்கையில் வைத்து மறு கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வாசம் மேலே வரும். அணைத்து வைத்த பாகு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இலையைப் போட்டு மூடிவிடுங்கள். இருபது நிமிடம் போதும், அப்புறம் வடிகட்டி இலையை எறிந்துவிடலாம். இரவு முழுக்க ஊறினால் இன்னும் வாசமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த புல் வாடைதான் வரும்.

துளசி போடுகிறவர்கள் ஐந்தாறு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் கிராம்பு வாசம் உண்டு, கூடினால் பெருமாள் கோவில் தீர்த்தம் மாதிரி ஆகிவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது திருநீற்றுப்பச்சிலை. வீட்டு வாசலில் தானாக முளைத்துக் கிடக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். இலையைப் பாகில் போட்டு, விதையை ஊறவைத்து ஜூஸில் போட்டால் ஒரே செடியில் இரண்டு வேலை முடிந்தது.

<b>பிழிவது</b>

பெரிய கசப்பு இங்கே. அதுவும் இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று உடனே தெரிவது. தோலில் இருக்கும் எண்ணெயும், தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியும், நசுங்கிய விதையும் சாற்றில் கலந்தால் வாயில் வைத்ததுமே காரலும் கசப்புமாக இருக்கும். கடைசிச் சொட்டு வரை விடமாட்டேன் என்று திருகிப் பிழிவதால் வரும் வினை.

மற்றது சத்தமில்லாமல் வருவது. பிழிந்தவுடன் ருசி பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்து அதே ஜூஸ் கசக்கும். யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை வரும். காரணம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. சுளைத் தோலிலும் விதையிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தை நசுக்கும்போது அது வெளியே வந்து, சாற்றின் புளிப்போடு சேர்ந்து, மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. எவ்வளவு சக்கை சாற்றில் கிடக்கிறதோ அவ்வளவு கசப்பு பின்னால் வரும். விசேஷ வீடுகளில் காலையிலேயே அண்டா நிறையக் கலக்கி, தோலோடு வட்ட வட்டமாக நறுக்கிய பழத்தையும் அழகுக்கு மிதக்கவிடுவார்களே, அது பந்தி முடிவதற்குள் கசக்க இதுதான் காரணம்.

எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, தரையில் வைத்து உள்ளங்கையால் பைய உருட்டுங்கள். குறுக்காக வெட்டுங்கள். கத்தி நுனியால் விதையை முதலில் நெம்பி எடுத்துவிடுங்கள், பிழிந்த பிறகு வடிகட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முக்கால்வாசி சாறு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். வந்த சாற்றை அப்போதே கண் சிறிய வடிகட்டியில் ஊற்றுங்கள். வடிகட்டியில் தங்கும் சக்கையைக் கரண்டியால் தேய்க்கக் கூடாது, தானாக இறங்குவது இறங்கட்டும்.

கருவி விஷயத்தில் எனக்குக் கை போதும். இரண்டு கைப்பிடி வைத்த அழுத்தி இருக்கிறதே, அதில் பழம் உள்வெளியாகத் திரும்பும் அளவுக்கு அழுத்தினால் தோல் எண்ணெய் முழுக்கச் சாற்றில்தான் இறங்கும். வேண்டுமென்றால் எவர்சில்வரில் வாங்குங்கள், அலுமினியத்தில் வேண்டாம். கலக்கும் ஏனமும் எவர்சில்வர் அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். பித்தளையும் அலுமினியமும் புளிப்போடு சேராது. மிக்ஸியில் பழத்தை அப்படியே போட்டு அடிக்கும் வழக்கத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

<b>நுங்கும் கலவையும்</b>

இளநுங்காக வாங்குங்கள், முற்றியது ரப்பர் மாதிரி இழுக்கும். மேலே உள்ள மெல்லிய தோல் துவர்க்கும், அதை முழுக்க உரிக்க வேண்டும். தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் லேசாக வந்துவிடும். ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து உரியுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் வீணாகாது. பாதி நுங்கைக் கையால் மசித்து, மீதியைச் சிறு துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். நுங்குக்கென்று பெரிய ருசி கிடையாது, குளிர்ச்சியும் வழுக்கலும்தான் அதன் சொத்து. அதனால்தான் எலுமிச்சைக்கு அது பொருந்துகிறது, புளிப்போடு போட்டிக்கு நிற்பதில்லை.

பாகு நன்றாக ஆறிய பிறகே சாறு சேர வேண்டும். சூட்டில் ஊற்றினால் பழத்தின் வாசம் பறந்துவிடும். பாகு, குளிர்ந்த தண்ணீர், நுங்கு, உப்பு, கடைசியில் சாறு என்ற வரிசை எனக்கு ஒத்துவந்தது. உப்பை விட்டுவிடாதீர்கள். உப்புக்கரிக்கும் அளவுக்கு இல்லை, மிச்சமிருக்கும் கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அடக்கும் அளவுக்கு. தண்ணீருக்கு மண்பானை போதும், ஐஸ் வேண்டுமென்றால் வீட்டில் உறையவைத்தது மட்டும். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை உடைத்துப் போடும் தைரியம் யாருக்கும் வேண்டாம்.

<b>பின்னால் சேர்த்தது</b>

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை சில.

விசேஷத்துக்கு ஐம்பது பேருக்குச் செய்ய வேண்டும், முன்கூட்டியே எதைச் செய்து வைக்கலாம்? பாகை முந்தின நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஒரு வாரம் வரை தாங்கும். நுங்கை அன்றைக்கு உரியுங்கள், மறுநாள் புளித்துவிடும். எலுமிச்சை மட்டும் பந்திக்கு அரை மணி முன்னால்.

பழம் மலிவாக இருக்கும் மாதத்தில் சாறு எடுத்து வைக்கலாமா? வைக்கலாம். மேலே சொன்னபடி பிழிந்து, உடனே வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். சாதாரணக் குளிரில் பாட்டிலில் வைத்தால் கசப்பு வரும்.

சப்ஜா போட்டவர்களுக்கு: இருபது நிமிடமாவது ஊறி, ஒவ்வொரு விதையும் பூத்திருக்க வேண்டும். உலர்ந்த விதையை நேராக டம்ளரில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் ஒட்டும்.

நுங்கு முடிந்த பிறகு என்ன செய்வது? தர்பூசணிச் சாறு ஒரு டம்ளர் சேர்த்து, தண்ணீரில் அந்த அளவைக் குறையுங்கள், சீனியிலும் கால் பங்கு குறையும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் கிடைக்கும். ரம்புட்டானை நறுக்கிப் போடலாம், நன்றாக இருக்கும். மங்குஸ்தானை அந்த விலைக்கு வாங்கி ஜூஸில் போட எனக்கு மனசு வராது, அப்படியே சாப்பிட வேண்டிய பழம்.

பதனீரில் எலுமிச்சை பிழியலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பதனீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு எலுமிச்சையின் புளிப்பை மழுக்கிவிடும், பதனீரின் ருசியும் கெடும். இரண்டுக்கும் நஷ்டம். பதனீருக்கு மாங்காய்த் துண்டோ நுங்கோ போதும், அதையும் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடியுங்கள்.