இலவச வாசிப்பு நூல்களை அச்சிடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைக்கு நூல் தேடுவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, ‘நிலை 1’ என்ற குறியை அப்படியே நம்புவதாகும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் கிடைக்கின்றன. இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். ஆனால் அந்நிலைகள் கதையின் நீளத்தையும் நடையின் எளிமையையும் வைத்துப் பிரிக்கப்பட்டவை. நம் குழந்தை எந்தெந்த எழுத்துகளைக் கற்றிருக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்களால் அமைந்த ஒரு வரி, தமிழில் ‘பூனை பாயின்மேல் உட்கார்ந்திருந்தது’ என்று ஆகும்போது, ‘மரம்’, ‘கடல்’, ‘பட்டம்’ ஆகியவற்றைத் தடையின்றி வாசிக்கும் குழந்தையும் அதன்முன் திகைத்து நிற்கும். ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு முன்னே நிற்க, ஒலியோ பின்னே வருவதால், அவற்றைக் கற்பிக்கும் முன்பே நூலைத் திணிப்பது, படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கத்தையே வளர்க்கும். ஆகவே அச்சிடும் முன் கதையை ஒருமுறை படித்து, கற்பிக்காத எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேற்பட்டால் அந்நூலைச் சில வாரங்கள் ஒதுக்கி வைக்கலாம்.

நம் பகுதியில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சுமொழி. அங்குள்ள குழந்தை ஒரு சொல்லில் தடுமாறினால், எழுத்து தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் சொல்லின் பொருள் தெரியாமலே அது நின்றிருக்கக்கூடும். ஒரே கதை, அதே படங்களுடன், பல மொழிகளில் கிடைப்பது இங்கே பெரும் பேறு. முதலில் வீட்டுமொழியில் கதையைப் படித்துக் காட்டி, மறுநாள் தமிழ்ப் பிரதியைக் கையில் கொடுத்தால், தெரிந்த கதையைத் தேடிச் செல்லும் ஆவலே பாதிச் சுமையை இறக்கிவிடும். தமிழ் பேசும் வீடுகளிலும் ‘வந்துட்டான்’ என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு ‘வந்துவிட்டான்’ புதிய சொல்லே என்பதை மறக்கலாகாது.

பழைய சிறுவர் நூல்களின் ஒளிவருடல் (ஸ்கேன்) பிரதிகளை ஆர்வத்தோடு அச்சிடுவோர் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு வெளிவந்தவற்றில் ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலியவை வேறு வடிவில் இருக்கும். பள்ளியில் ஒன்றையும் வீட்டில் மற்றொன்றையும் கண்டால் குழந்தை குழம்பும்.

வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் இலவச நூல் அன்று. விற்பனையில் உள்ள நூலை அனுமதியின்றிப் பரப்புவது எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் செய்யும் அநீதி. பிறர் பகிர்ந்துகொள்ளப் படைப்பாளர்களே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றைத் தாராளமாக அச்சிடலாம். ஆனால் தாளை மிச்சப்படுத்த, அவர்களின் பெயர் தாங்கிய பக்கத்தை நீக்கிவிடாதீர்கள்.

அச்சிடும்போது, மடித்துத் தைக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பன்னிரண்டு பக்கங்களுக்கு மூன்று ஏ4 தாள்கள் போதும். பக்கங்கள் அகலவாக்கில் இருந்தால் அவ்வாறு மடிக்க வேண்டாம். எழுத்து மிகவும் சுருங்கிவிடும். ஒரு தாளில் இரு பக்கங்களை மேலும் கீழுமாக அச்சிட்டு, நறுக்கி, இடப்புறம் பின் அடிக்கலாம். கறுப்பு வெள்ளையில் அடர்வண்ணப் படங்கள் கருமையாகி, அவற்றின்மேல் உள்ள எழுத்தும் மறைந்துவிடும் என்பதால், ஜெராக்ஸ் கடையில் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள்.