பிரெஞ்சில் ‘வந்திருப்பேன்’ என்று சொல்வது எப்படி?

நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்காமல் போனது ஒன்றைப் பிரெஞ்சில் சொல்ல, ‘அவ்வார்’ (உடைமையைக் குறிப்பது) அல்லது ‘எத்ர்’ (இருத்தலைக் குறிப்பது) என்னும் துணைவினையை நிபந்தனை வடிவில் நிறுத்தி, அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான வினைகள் அவ்வாரையே ஏற்கின்றன: ‘ழொரே பார்லே’ என்றால் ‘நான் பேசியிருப்பேன்’. வருதல், போதல் போன்றவை எத்ரை ஏற்பதால், அங்கே எச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் இணங்கும். ஆகவே ‘ழ ஸெரே வென்யூ’ என்று ஒரு பெண் எழுதினால், ஒலி மாறாவிட்டாலும் எச்சத்தின் இறுதியில் ஓர் எழுத்து கூடும்.

‘ஸி ழாவே ஸ்யூ, ழ ஸெரே வென்யூ’, அதாவது ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஏனெனில் ‘ஆல்’ என்று பொருள்படும் ‘ஸி’ தொடங்கும் பகுதியில் நிபந்தனை வடிவம் வரவே கூடாது. இறந்தகாலத்துக்கும் முந்தைய காலமே அங்கு வரும். உறுதிப்படாத செய்தியை ‘கூறப்படுகிறது’ என்ற பொருளில் எழுதவும் நாளிதழ்கள் ‘ழ ஸெரே வென்யூ’ போன்ற வடிவத்தையே கையாள்கின்றன.