லினக்ஸ் வரம்புகள்: பூச்சந்தை நாளில் நான் பட்ட பாடு

எங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, லிமிட்டை 65535 ஆக்கிட்டேன். யூலிமிட் அடிச்சா அதுதான் வருது. ஆனா சர்வர் இன்னும் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'னு அழுது." ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைலும் இணைப்பும் திறந்து வைக்கலாம் என்று லினக்ஸ் போடும் வரம்பைத்தான் சொன்னான். யூலிமிட் அதைக் காட்டும் கட்டளை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. நானும் அதே குழியில் விழுந்தவன்தான். இந்த வரம்புகளில் நடக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். எழுத்துப்பிழை, சுடோ (நிர்வாகி அனுமதி) போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானே தெரிந்துவிடும்.

லாகின் வரம்பை சர்வீஸ் வரம்பு என்று நம்புவது

தோவாளைப் பூ வியாபாரிகளுக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கோ இணைப்புக்கோ லினக்ஸ் தரும் எண்) செலவாகும். சாஃப்ட் லிமிட்டோ (நடைமுறையில் இருக்கும் வரம்பு) 1024. வரம்புகளை எழுதிவைக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலில் எண்ணைக் கூட்டி, மறுபடி லாகின் செய்து, ஆப்பைக் கையாலேயே ஓட்டினேன். ஓடியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஓணத்துக்கு முந்தின இரவு சர்வர் ரீபூட் ஆனது. சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, கிளப்பிவிடும் சிஸ்டம்டி ஆப்பைத் தானே எழுப்பியது, பழைய 1024-ஓடு. விடியும் முன்னே கேரளத்து ஆர்டர்கள் குவிய, புது இணைப்பு எதுவும் உள்ளே நுழையவில்லை. "மக்கா, பிச்சியும் வாடாமல்லியும் கூடையிலேயே கெடக்கு" என்று வியாபாரி போனில் கத்தினார். நானோ ஆப்பின் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன்.

லிமிட்ஸ்.கான்ஃபைப் படிப்பது லாகின் நேரத்தில் வரும் PAM என்ற லாகின் சரிபார்ப்பு அமைப்பு. சிஸ்டம்டி சர்வீஸ் அந்த வாசல் வழியாக வருவதில்லை. கையால் ஓட்டியபோது ஆப் நான் கட்டளை அடிக்கும் ஷெல்லின் வரம்பை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலின் சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல் (திறந்த ஃபைல்களின் வரம்பு) எழுதி, அந்த ஃபைலை மறுபடி படிக்க டீமன்-ரீலோட் கொடுத்து, அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோட் மட்டும் போதாது. சரிபார்க்க யூலிமிட் வேண்டாம், அது உங்கள் ஷெல்லைப் பற்றித்தான் சொல்லும். ப்ராக் (/proc) கோப்பகத்தில் அந்த பிராசஸ் (ஓடும் புரோகிராம்) எண்ணுக்குள் லிமிட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். அவசரத்துக்கு, ஓடும் பிராசஸின் வரம்பை பிஆர்லிமிட் என்ற கட்டளை மாற்றிவிடும். இரண்டு நிமிட வேலை. இதற்குப் போய் ஒரு ஓணத்தைத் தொலைத்தேன்.

லீக்கை வரம்பால் அடைப்பது

திறந்த இணைப்பை மூடாமல் விடுவதுதான் லீக். அப்படிப்பட்ட புரோகிராம் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும். திறந்த டிஸ்கிரிப்டர்கள் ராத்திரியும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் கோளாறு வரம்பில் இல்லை.

லிமிட்ஸ்.கான்ஃபில் நோஃபைலுக்கு 'அன்லிமிட்டெட்'

நோஃபைல் என்பது திறந்த ஃபைல்களின் வரம்பு. அதற்கு எல்லையே இல்லை என்று எழுத வேண்டாம். கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) உச்ச அளவைத் தாண்டினால் லாகினே நடக்காமல் போகலாம்.

என்ப்ராக்

எத்தனை பிராசஸ் ஓடலாம் என்ற வரம்பு. ஒரு பிராசஸுக்கு அல்ல, அந்த யூசருக்கு மொத்தமாக. பிராசஸுக்குள் ஓடும் த்ரெட்டுகளும் சேர்த்தி.