மாடல் கார் இடுக்கை அடைக்க மீந்த சட்டமே போதும்

மாடல் கார் பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை வீசிவிடாதீர்கள். நகவெட்டியால் பொடியாக நறுக்கி (இதை மகனிடம் விடுங்கள், விருப்பமாகச் செய்வான்), அடியில் கொஞ்சம் மாடல் பசை மிச்சமுள்ள பாட்டிலில் போட்டு மூடிவையுங்கள். மறுநாள் தேன் பதத்தில் கரைந்திருக்கும். பானெட் இடுக்கு, ஒட்டிய கோடு எல்லாவற்றையும் இதைக்கொண்டே அடைக்கலாம். இடுக்கு அடைக்கும் 'புட்டி' பசை வாங்க சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை ஓடவேண்டாம்.

சட்டமும் காரும் ஒரே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். பசையிலுள்ள கரைப்பான் இரண்டையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடுகிறது. அதனால் நிறம் பொருந்தும், மணல்தாளிலும் ஒரே சீராகத் தேயும். காயும்போது சுருங்கும், ஆகவே சற்று மேடாகப் பூசி, ஒரு நாள் கழித்துத் தேயுங்கள். வாடை கடுமை, சன்னல் திறந்திருக்கட்டும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு இது ஆகாது, மங்கிவிடும். வெள்ளைப் பசையில் சட்டம் கரையவே கரையாது.