கார் கம்பெனியோட வருஷ சேல்ஸ் கணக்கை படிக்கிறது எப்படி?

டொயோட்டா 2023ல எத்தனை வண்டி வித்துச்சுன்னு தேடினா ஒரு இடத்துல 1.12 கோடின்னு வரும், இன்னொரு இடத்துல 1.03 கோடி, வேறொரு ரிப்போர்ட்ல 94 லட்சம். மூணுமே கம்பெனியே சொன்ன கணக்குதான், எதுவும் தப்பில்ல. எதை எண்ணியிருக்காங்கன்னு பாக்காம நம்பரை மட்டும் எடுத்தா இப்படித்தான் குழம்பும்.

ஸ்டெப் 1: யார் யாரை சேத்திருக்காங்க?
1.12 கோடிங்கறது குரூப் கணக்கு, அதுல குரூப்ல இருந்த டைஹாட்சுவும் (சின்ன கார் கம்பெனி) ஹினோவும் (லாரி, பஸ் கம்பெனி) உண்டு. 1.03 கோடி டொயோட்டா, அதோட சொகுசு கார் பிராண்டான லெக்ஸஸ் மட்டும். நீங்க கணக்கு போடற ஷீட்ல ரெண்டுக்கும் தனித்தனி column போடுங்க.

ஸ்டெப் 2: எந்த வருஷம், யார் கணக்குல?
மேல சொன்ன ரெண்டும் ஜனவரி டு டிசம்பர். அந்த 94 லட்சம் ஏப்ரல் 2023ல இருந்து மார்ச் 2024 வரைக்குமான நிதியாண்டு ரிப்போர்ட்ல வர்றது. ஆனா அவ்ளோ பெரிய வித்தியாசத்துக்கு மாசம் மாறினது காரணமில்ல, சீனாதான். அங்க டொயோட்டா உள்ளூர் கம்பெனிங்களோட ஜாயின்ட் வென்ச்சர் (கூட்டு கம்பெனி) வெச்சு விக்குது, அந்த வண்டிங்க நிதி ரிப்போர்ட்டோட சேல்ஸ்ல ஏறாது. சீனாவுல பெருசா விக்கிற எந்த வெளிநாட்டு கம்பெனியை எடுத்தாலும் இதை முதல்ல செக் பண்ணுங்க.

ஸ்டெப் 3: எங்க செஞ்சாங்க, எங்க வித்தாங்க
எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், கம்பெனி எந்த நாட்டை நம்பி ஓடுதுன்னு இங்கதான் தெரியும். 2023ல டொயோட்டா, லெக்ஸஸ் ஜப்பான்ல தயாரிச்சது சுமார் 33.7 லட்சம், ஜப்பான்லயே வித்தது சுமார் 16.7 லட்சம். அதாவது அங்க செஞ்சதுல குறைஞ்சது பாதி கப்பல் ஏறுது. அதனால யென் மதிப்பு இறங்கினா லாபம் கூடும், ஏதாவது ஒரு நாடு இறக்குமதி வரியை ஏத்தினா அடி விழும். ஆனா மொத்த தயாரிப்பு 1 கோடிக்கு மேல, அதுல மூணுல ரெண்டு பங்கு வெளிநாட்டு ஃபேக்டரிலதான் நடக்குது, அதனால ஜப்பான் கம்பெனின்னா எல்லா வண்டியும் ஜப்பான்ல இருந்து வருதுன்னு நினைச்சு கணக்கு போட்டா மொத்தமும் தப்பாயிடும்.

ஸ்டெப் 4: தயாரிப்புல இருந்து விற்பனையை கழிங்க
இதுக்கு டெஸ்லா நல்ல உதாரணம், ரெண்டு நம்பரையும் பக்கத்து பக்கத்துலயே குடுப்பாங்க. 2023ல தயாரிப்பு 18,45,985, டெலிவரி 18,08,581. கிட்டத்தட்ட 37,000 வண்டி ஸ்டாக்ல சேந்துச்சு. 2024ல தயாரிப்பு 17,73,443, டெலிவரி 17,89,226. செஞ்சதை விட டெலிவரி அதிகம், அதாவது பழைய ஸ்டாக்கும் சேந்து போயிருக்கு. டெலிவரியை மட்டும் பாத்திருந்தா வருஷத்துக்கு சுமார் 19,000 தான் குறைஞ்ச மாதிரி தெரியும், தயாரிப்போ 72,000க்கு மேல குறைஞ்சிருக்கு.

ஸ்டெப் 5: "விற்பனை"ன்னா என்ன?
சில கம்பெனி டீலருக்கு அனுப்பினதையே விற்பனைன்னு எழுதும், சிலது கஸ்டமர் கைக்கு போனதை மட்டும். டேபிளுக்கு கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதை படிக்காம ரெண்டு கம்பெனியை ஒப்பிடாதீங்க.

ஸ்டெப் 6: அடுத்த வருஷத்தை பக்கத்துல வைங்க
2024ல டொயோட்டா குரூப் 1.08 கோடிக்கு இறங்குச்சு, சுமார் 4 லட்சம் குறைவு. டொயோட்டா, லெக்ஸஸ் column-ஐ பாருங்க, 1.03 கோடியில இருந்து 1.016 கோடி, ஒன்றரை லட்சம்தான் குறைஞ்சிருக்கு. மீதி ரெண்டரை லட்சம் டைஹாட்சு, ஹினோ பக்கம். பாதுகாப்பு டெஸ்ட்ல முறைகேடு வெளிய வந்து 2023 டிசம்பர்ல டைஹாட்சு வண்டி அனுப்புறதையே நிறுத்தினதோட பாதிப்பு 2024 கணக்குல இப்படித்தான் வந்து நிக்குது.